எச்பிவி இருக்கிறது என்றால் வீட்டில் என்ன சொல்வது?

எனக்கு எச்பிவி, அதாவது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வைரஸ், இருந்தது, கருப்பை வாயில் ஒரு சின்ன சிகிச்சை நடந்தது என்று நான் வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்த பிறகு, சொந்தத்திலும் நட்பிலும் உள்ள பெண்கள் பலர் என்னைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கிறார்கள். வலித்ததா, எவ்வளவு செலவு என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் பெரும்பாலோர் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணன் ஒன்னும் சொல்லலையாக்கா?"

அண்ணன் என்று அவர்கள் சொல்வது என் கணவரை. அந்தக் கேள்வியின் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இது உடலுறவின் வழியாகப் பரவும் கிருமி. அப்படியானால் யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது? இந்தப் பேச்சு வீட்டில் கிளம்பிவிடுமோ என்ற பயத்திலேயே சோதனைப் பக்கம் போகாத பெண்கள் இருக்கிறார்கள். செலவு என்பார்கள், நேரமில்லை என்பார்கள், கூச்சம் என்பார்கள். கொஞ்சம் உட்கார்ந்து பேசினால் இது வெளியே வரும். ஆகவே மருத்துவச் சங்கதிகளுக்குப் போகுமுன் இதை முதலில் பேசிவிடுகிறேன்.

எச்பிவி என்பது இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட வைரஸ் குடும்பம். அவற்றில் பதினான்கு வகை போல கருப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே உலகில் ஏறக்குறைய 70 விழுக்காட்டு நோய்க்குக் காரணம். உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் கிட்டத்தட்ட எல்லாரையும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு வகை தொட்டுவிட்டுத்தான் போகிறது. வாழ்நாளில் ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரலாம். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதை விரட்டிவிடுகிறது, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு சோதனையில் அகப்படாத அளவுக்கு அடங்கிக் கிடந்து பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். அதனால்தான் இந்தச் சோதனை முடிவை வைத்து எந்த ஆண்டு வந்தது, யார் மூலம் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

என்னைப் பார்த்த மருத்துவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண்மணி. என் கணவரையும் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா, இவரா அவங்களான்னு இந்த ரிசல்ட்டை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. அதைத் தேடிட்டு இருக்காதீங்க. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டைத் தவற விடாதீங்க, அது போதும்." வெளியே வந்து கோப்பிக்கடையில் உட்காரும் வரை என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. கோப்பி-ஓ வந்த பிறகு கேட்டார்: "எனக்கும் ஏதும் டெஸ்ட் எடுக்கணுமாமா?" ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமான சோதனை எதுவும் கிடையாது என்பதை அன்றிரவு இருவரும் சேர்ந்துதான் படித்துத் தெரிந்துகொண்டோம்.

கணவரைக் கூட அழைத்துப் போகச் சொல்வது நான் எல்லாருக்கும் சொல்லும் யோசனை இல்லை. எனக்கு அது சரியாக வந்தது. எல்லா வீடும் ஒன்றல்ல. சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் சொல்லாமலே இருக்கலாம். இங்கே சிங்கப்பூரில் உங்கள் சோதனை முடிவை உங்கள் அனுமதியில்லாமல் யாரும் கணவருக்கோ மாமியாருக்கோ சொல்லப்போவதில்லை. ஆனால் வீட்டு முகவரிக்குக் கடிதம் வந்தால் யார் கண்ணிலும் படலாம். கூட்டுக்குடும்பத்தில் இருப்பவர்கள் முடிவைக் கைப்பேசியில் தெரிவிக்கச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி சோதனை. சிங்கப்பூரில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கென்று தேசிய அளவில் பரிசோதனைத் திட்டம் 2004இல் தொடங்கியது. முதலில் எல்லாருக்கும் மூன்றாண்டுக்கு ஒரு முறை பாப் ஸ்மியர். 2019இல் முறை மாறியது: 25 முதல் 29 வயது வரை மூன்றாண்டுக்கு ஒரு பாப் ஸ்மியர், 30 முதல் 69 வரை ஐந்தாண்டுக்கு ஒரு எச்பிவி சோதனை. இரண்டுக்கும் கருப்பை வாயிலிருந்துதான் மாதிரி எடுப்பார்கள், படுத்திருக்கும் நமக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பாப் ஸ்மியரில் உயிரணுக்கள் உருமாறிவிட்டனவா என்று பார்க்கிறார்கள். எச்பிவி சோதனையில் உருமாற்றத்துக்குக் காரணமான வைரஸ் இருக்கிறதா என்று அதற்கும் முன்கட்டத்திலேயே பார்க்கிறார்கள். வைரஸ் இல்லையென்றால் அடுத்த சில ஆண்டுகளில் பெரிய பாதிப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இடைவெளியை ஐந்து ஆண்டாக நீட்ட முடிந்தது அதனால்தான். "முன்னாடி மூணு வருஷம்னாங்க, இப்ப அஞ்சுங்கிறாங்க, செலவைக் குறைக்கிறாங்க போல" என்று சந்தேகப்படும் அக்காமார்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வரி. குடிமக்கள் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் பதிந்திருந்தால் பதிந்த மருந்தகத்தில் இலவசம். பதியாதவர்களுக்கும் ஸ்கிரீன் ஃபார் லைஃப் என்ற பரிசோதனைச் சலுகைத் திட்டத்தில் 5 வெள்ளிக்கு மேல் போகாது. நிரந்தரவாசிகளுக்கு இந்தச் சலுகை இல்லை, முன்பதிவு செய்யும்போதே கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் போனது பலதுறை மருந்தகத்துக்கு. ஹெல்த்ஹப் செயலியிலேயே நேரம் பதியலாம். மாதவிலக்கு நாளில் வேண்டாம். சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் உள்ளே வைக்கும் மருந்து, கழுவும் திரவம், உடலுறவு மூன்றும் வேண்டாம். உடை விஷயம் சின்னதுதான், ஆனாலும் பெரிய நிம்மதி: நீளமான குர்தாவோ பாவாடையோ உடுத்திப் போனால் கீழாடையை மட்டும் கழற்றிவிட்டு மேலாடையால் மூடிக்கொள்ளலாம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனால்தான் அந்தத் தாள் விரிப்போடு போராட வேண்டும். பெண்தான் எடுக்க வேண்டும் என்று பதியும்போதே சொல்லிவிடலாம். எனக்கு எடுத்தது ஒரு மிஸ்ஸிதான், அதாவது தாதி. ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து விரிப்பதுதான் சங்கடமான பகுதி. சிறிய அளவிலும் உண்டு, கேட்டால் மாற்றுவார்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு வறட்சியால் வலிக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

திருமணமாகாத பெண்களுக்குத் தனியாக ஒன்று. மிஸ்ஸி கேட்பது திருமணமாகிவிட்டதா என்பதல்ல, உடலுறவு அனுபவம் உண்டா என்பதுதான். இல்லையென்றால் இந்தச் சோதனை தேவையில்லை. உண்டு என்றால் தாலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேவை. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண் உண்மையைச் சொல்லுவாள்? அன்பான அம்மாக்கள் தயவுசெய்து வெளியே காத்திருங்கள்.

எனக்கு வந்த முடிவில் 16, 18 இல்லை, "மற்ற அபாய வகைகள்" இருந்தன. 16 அல்லது 18 இருந்தால் நேராகவே கால்போஸ்கோப்பி என்ற அடுத்தகட்டப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். மற்ற வகை என்றால் அதே மாதிரியிலிருந்து உயிரணுக்களையும் பார்ப்பார்கள். அவை இயல்பாக இருந்தால் ஓராண்டு கழித்து மறுபடி சோதனை. வேறு ஒன்றும் வேண்டாம். என் உயிரணுக்களில் மாற்றம் தெரிந்ததால் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். தேதி கிடைக்கும் வரை நான் இணையத்தில் படித்ததை எல்லாம் எண்ணிப் பார்த்தால், அந்த நேரத்தில் ஒரு டிப்ளோமாவே முடித்திருக்கலாம்.

கால்போஸ்கோப்பி என்பது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது. கருவி வெளியேதான் நிற்கும். உள்ளே நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவுவார்கள். அதாவது நம் சமையலறை வினிகரில் இருப்பதேதான், வாசனை அப்படியே வரும். மாறிய உயிரணுக்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். சில சமயம் அயோடினும் தடவுவார்கள். சந்தேகமான இடத்தில் துளியளவு சதை எடுத்தபோது சுரீரென்று ஒரு கிள்ளல். நேராக வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். என் பேச்சைக் கேட்டால் அரை நாள் விடுப்பு எடுங்கள், வயிறு இழுத்துப் பிடிக்கும்.

எடுத்த சதையைச் சோதித்ததில் சிஐஎன் 3 என்று வந்தது. அந்தப் பெயரைக் கேட்டு மூன்றாம் நிலைப் புற்றுநோய் என்று நினைத்து அழுதவர்கள் உண்டு. அது புற்றுநோயே இல்லை. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தின் மூன்று படிகளில் கடைசிப் படி. முதல் படிக்குப் பெரும்பாலும் சிகிச்சை தருவதில்லை, தானாகச் சரியாகிவிடும். மூன்றாவதை விட்டுவைப்பதில்லை. விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேதனையான ஆதாரம் நியூசிலாந்தில் இருக்கிறது. ஆக்லாந்தில் 1960களிலும் 70களிலும் ஒரு மருத்துவமனையில் இப்படிப்பட்ட பெண்கள் சிலருக்குச் சரியான சிகிச்சை தராமல், அவர்களுக்குத் தெரியாமலே, வெறுமனே கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு விசாரணை நடந்து நாடே தலைகுனிந்தது. சிகிச்சை கிடைக்காத அந்தப் பெண்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது. அந்தக் கணக்கை இரண்டு விதமாகப் படிக்கலாம். நாளைக்கே செத்துவிடுவோம் என்று பதற வேண்டியதில்லை. தீபாவளி கழியட்டும், பிள்ளைக்கு ஓ-லெவல் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளவும் கூடாது.

எனக்குச் செய்தது லீப் என்ற முறை. மரத்துப்போகும் ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் பாதிக்கப்பட்ட பகுதியை மட்டும் சீவி எடுப்பார்கள். அன்றே வீடு. கட்டணத்தில் ஒரு பகுதிக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு கைகொடுத்தது. அதன் பிறகு சில வாரங்களுக்குப் பழுப்பு நிறத்தில் கசியும். அது நிற்கும் வரை உடலுறவு, நீச்சல், கனமான பொருள் தூக்குவது எதுவும் கூடாது. கோவிலுக்குப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு மருத்துவரிடம் பதில் இல்லை. நான் போனேன். இனிக் குழந்தை பெற விரும்பும் இளம்பெண்கள் சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய சதை எடுத்தால் பின்னாளில் குறைமாதப் பிரசவ வாய்ப்பு கொஞ்சம் கூடும். சிகிச்சை முடிந்ததோடு கதை முடிவதில்லை, தொடர் சோதனைகள் உண்டு. நம்மவர்கள் காணாமல் போவது இங்கேதான்.

என் அம்மாவின் அக்காவுக்கு இந்த வாய்ப்பு எதுவும் கிடைக்கவில்லை. திருவாரூர்ப் பக்கம் வாழ்ந்தவர். மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் கழித்து மறுபடி இரத்தம் பட்டது. நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். "உடம்புச் சூடு" என்று வெந்தயமும் இளநீரும் குடித்தார். மருத்துவரிடம் போனபோது நோய் இடுப்பெலும்பு வரை பரவியிருந்தது. பெரியம்மா மட்டும் விதிவிலக்கு இல்லை. 2022இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது, 3,50,000 பேர் இறந்தார்கள். அதில் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பேருக்கு நோய், 80,000 பேர் மரணம். ஆகவே இதையும் எழுதிவைக்கிறேன்: மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், உடலுறவுக்குப் பின் இரத்தம் பட்டாலும், இரண்டு விலக்குகளுக்கு நடுவில் பட்டாலும், ஐந்தாண்டுச் சோதனைக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சோதனை என்பது ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. "எனக்குத்தான் ஒன்னும் இல்லையே" என்பவர்கள்தான் அதற்குச் சரியான ஆட்கள்.

நம் ஊர்ப் பெண்கள் சோதனைக்கு வரமாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது திண்டுக்கல்லை. 2000த்தில் தொடங்கி அந்த மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற தாதியர் வெறும் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையைச் செய்தார்கள். ஒரே ஒரு முறைதான். வந்த பெண்கள் 30,000க்கும் மேல். சில ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் இந்த நோயால் இறப்பவர்கள் மற்ற கிராமங்களைவிட 35 விழுக்காடு குறைந்திருந்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வை நடத்தியவர்களில் முதன்மையானவர் மருத்துவர் சங்கரநாராயணன். மகாராஷ்டிராவின் உஸ்மானாபாதிலும் அவர் குழு எச்பிவி சோதனையை ஒரு முறை செய்து பார்த்தபோது மரணம் ஏறத்தாழப் பாதியானது. கூலி வேலையை விட்டுவிட்டு அந்தப் பெண்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். இங்கே புளோக்குக்குக் கீழேயே மருந்தகம் இருந்தும், சோதனை செய்துகொள்ள வேண்டிய பெண்களில் பாதிப் பேர்கூட குறித்த காலத்தில் செய்துகொள்வதில்லை.

சிங்கப்பூரில் இந்த நோய் முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதை உறுதியாகச் சொல்ல முடிவதே 1968 முதல் இங்கே புற்றுநோய்ப் பதிவேடு இருப்பதால்தான். அதை உருவாக்கிப் பல பத்தாண்டுகள் நடத்தியவர் நோயியல் பேராசிரியர் கா. சண்முகரத்தினம், நம் அதிபர் தர்மனின் தந்தை. இதைப் பற்றி நாம் அதிகம் பெருமைப்பட்டுக்கொள்வதில்லை, பட்டுக்கொள்ளலாம்.

தடுப்பூசிக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் முதல் இங்கே உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவிகளுக்குப் பள்ளியிலேயே எச்பிவி ஊசி போடுகிறார்கள், இரண்டு தவணை. என் மகள் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்த அன்று என் மாமியாருக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். "பதிமூணு வயசுப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி? அப்ப என்ன நெனைக்கிறாங்க நம்ம புள்ளைய?" அத்தையின் கோபம் எனக்குப் புரிந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மை ஊசிய அம்மை வந்த பொறவா போட்டீங்க அத்தை?" வைரஸ் உள்ளே வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதை ஊசி விரட்டாது. ஸ்காட்லாந்தில் 2024இல் வெளியான ஆய்வில், 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை. சுவீடனில் 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களுக்கு 88 விழுக்காடு குறைவு. ஸ்காட்லாந்து அத்தையை அசைக்கவில்லை. இறந்துபோன என் பெரியம்மாவைச் சொன்ன பிறகுதான் தலையாட்டினார்.

பள்ளியில் தவறவிட்டவர்கள் 26 வயது வரை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளலாம், மெடிசேவைப் பயன்படுத்தலாம். ஊசி போட்டாலும் 25 வயதில் சோதனை தொடங்க வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. புகைபிடிப்பவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வைரஸ் எளிதில் போகாது. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் ஐந்தாண்டுக் கணக்கைப் பின்பற்றாமல் தங்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் அக்கா தமிழ்நாட்டுக்காரர், நாற்பதைத் தாண்டியவர். வெளிநாட்டுப் பணிப்பெண் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவருக்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. அதில் முக்கியமாகப் பார்ப்பது கர்ப்பமும் தொற்றுநோயும்தான், இந்தச் சோதனை அதில் இல்லை. அதில் எல்லாம் பார்த்துவிடுவார்கள் என்று பல முதலாளிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் விரும்பினால் மட்டும் என்று கேட்டு, கட்டணத்தை நாங்களே கொடுத்து, அவரே தனியாக மருத்துவரிடம் பேசும்படி செய்தோம். முடிவை நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. நல்லபடியாக வந்தது என்று அவராகத்தான் சொன்னார்.

இப்போது கையில் இருக்கும் வேலை என் சித்தியுடையது. அறுபத்து மூன்று வயது. "எனக்குத்தான் கர்ப்பப்பைய எடுத்தாச்சே, அப்புறம் எதைப் பார்க்கப் போறாங்க?" என்கிறார். கட்டிக்காக எடுக்கும்போது சில நேரம் கருப்பையை மட்டும் எடுத்துவிட்டு வாய்ப் பகுதியை விட்டுவிடுவதுண்டு. அப்படியானால் 69 வயது வரை சோதனை வேண்டும். முழுதாக எடுத்திருந்து, முன்பு இந்த மாதிரி மாற்றங்கள் எதுவும் இருந்திராவிட்டால் வேண்டாம். அறுவை நடந்தது ஜொகூரில், பல ஆண்டுகளுக்கு முன்னால். டிஸ்சார்ஜ் தாள் எங்கே என்று கேட்டால் பீரோவில் இருக்கும் என்கிறார், பீரோவோ வீடு மாறும்போது போய்விட்டது. மருத்துவர் ஒரு முறை உள்ளே பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சொல்லி வரும் வியாழக்கிழமைக்கு நேரம் பதிந்திருக்கிறேன். கூட நானும் வர வேண்டும், திரும்பும்போது தேக்காவில் மீன் வாங்க வேண்டும் என்பது சித்தியின் நிபந்தனை.